சதி லீலாவதியில் தொடங்கிய ஏழு கணக்குகள்

1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி' படத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நானும் பார்த்ததில்லை. பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்கிறார்கள். ஆனாலும் பழைய தமிழ் சினிமாவைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் பெயர் எங்காவது ஒரு வரியில் வந்துவிடும். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எம்.ஜி.ஆரின் முதல் படம்.

அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது கொஞ்சம் அநியாயம் என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் அந்தப் படத்தில் ஒரு பெரிய கூட்டமே முதல்முறையாகத் திரைக்கு வந்தது. என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா, கே.ஏ.தங்கவேலு மூவருக்கும் அதுவே முதல் படம். கதாநாயகன் எம்.கே.ராதா. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர், அவர் தனியாக இயக்கிய முதல் படமும் இதுதான். கதை எஸ்.எஸ்.வாசனுடையது, ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எம்.ஜி.ஆருக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், வந்து போகும் வேடம். ஆக மொத்தம் ஏழு பேர். ஒரே வருடம், ஒரே படம், ஏறக்குறைய ஒரே ஆரம்பக் கோடு. அதற்குப் பிறகு ஏழு பேரும் ஏழு திசை.

பி.காம். படிக்கிறவனுக்கு இதைப் பார்த்ததும் கை அரிக்கும். ஒரே ஓப்பனிங் பேலன்ஸில் தொடங்கிய ஏழு கணக்குகள் நாற்பது வருடம் கழித்து எப்படி முடிந்தன என்று பார்க்கலாமே? :-)

சினிமாக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது நம்மிடம் மூன்று காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். திறமை, தலையெழுத்து, குணம். மேலே போனவரைத் திறமைசாலி என்போம், கீழே வந்தவரைப் பற்றி 'எப்படி வாழ்ந்தவர் தெரியுமா' என்று ஆரம்பித்து குடி, கொடை, ஏமாளித்தனம் என்று ஏதாவது ஒன்றில் முடிப்போம். இந்த மூன்றும் பொய் என்று சொல்ல வரவில்லை. நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. படம் ஓடவில்லை என்றால் அந்த நஷ்டம் யார் பையிலிருந்து போனது?

முதலில் வாசன். ஏழு பேரில் சினிமாவை வெளியிலிருந்து பார்த்து உள்ளே வந்தவர் இவர் ஒருவர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, விளம்பர ஏஜென்சி, தபால் மூலம் சாமான் விற்பது என்று தொழில் செய்தவர். 1928-ல் நொடிந்து கிடந்த ஆனந்த விகடனை 200 ரூபாய்க்கு வாங்கினார் என்பது பத்திரிகை உலகில் எல்லாரும் சொல்லும் கதை. 'சதி லீலாவதி'க்கு அவர் கொடுத்தது கதை மட்டும். பணம் போட்டது கோயம்புத்தூர்க்காரர், மனோரமா பிலிம்ஸ் மருதாசலம் செட்டியார். படம் வந்த நேரத்தில் 'பதிபக்தி' என்ற இன்னொரு படமும் கிட்டத்தட்ட இதே கதையோடு வந்து, கதை யாருடையது என்று வழக்குவரை போனது. இரண்டுமே ஹென்றி வுட் அம்மையார் எழுதிய ஓர் ஆங்கில நாவலிலிருந்து வந்தவைதான் என்று வாசன் சொன்னதும் விவகாரம் அடங்கியது.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். நேராகப் படம் எடுக்கக் குதிக்கவில்லை. முதலில் விநியோகத்துக்குப் போனார். 1939-ல் கே.சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' கல்கியின் தொடராக விகடனில் வந்துகொண்டிருந்தது, படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாக அச்சாயின. பத்திரிகை படத்துக்கு விளம்பரம், படம் பத்திரிகைக்கு விளம்பரம். இன்றைக்கு மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். பிறகு சுப்ரமணியத்தின் ஸ்டுடியோ தீ விபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்தபோது வாசன் அதை எடுத்தார். அதுதான் ஜெமினி ஸ்டுடியோ. கவனியுங்கள், சுப்ரமணியம் வக்கீலாக இருந்து இயக்குநரானவர், எம்.எஸ்.சுப்புலட்சுமியை 'சேவாசதனம்' (1938) மூலம் திரைக்குக் கொண்டுவந்தவர், அந்தக் காலத்தின் பெரிய படைப்பாளி. அவர் கட்டியது வாசன் கைக்கு வந்தது. இரண்டு பேரில் யார் பெரிய கலைஞர் என்று பட்டிமன்றம் வைத்தால் தீர்ப்பு ஒரு பக்கம் வரலாம், பத்திரம் இன்னொரு பக்கம் இருந்தது.

இங்கே எம்.கே.ராதா வருகிறார். 'சதி லீலாவதி'யின் நாயகன். பணக்காரன் ஒருவன் குடியில் விழுந்து, கடனாளியாகி, கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, அங்கே ஒரு புதையல் கிடைத்துத் திரும்பி வருவான். அதுதான் அவருடைய வேடம். (புதையல் கிடைத்துக் கடன் அடைவது சினிமாவில் மட்டும்தான். இந்தக் கட்டுரையில் வேறு யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.) ராதாவின் அப்பா கந்தசாமி முதலியார் நாடக ஆசிரியர், எம்.ஜி.ஆருக்கு இந்தப் படத்தில் இடம் கிடைக்கக் காரணமாக இருந்தவர். அதனால் எம்.ஜி.ஆர். கடைசிவரை ராதாவை அண்ணன் ஸ்தானத்தில் வைத்திருந்தார்.

ராதாவின் உச்சம் ஜெமினியில்தான். 1948-ல் 'சந்திரலேகா', 1949-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. இரண்டாவதில் இரட்டை வேடம். 'சந்திரலேகா'வுக்கு ஆன செலவு அப்போதே 30 லட்சம் என்பார்கள். தமிழோடு நிற்காமல் இந்தியிலும் எடுத்து நாடு முழுக்க விற்றார் வாசன். ஆனால் அந்த வெற்றியில் ராதாவுக்கு என்ன சொந்தம்? பேர் சொந்தம். மீதி ஜெமினிக்கு. அந்தக் கால ஸ்டுடியோ முறையே அப்படித்தான். நடிகர், எழுத்தாளர், பாட்டு வாத்தியார், டான்ஸ் மாஸ்டர், தச்சர் எல்லாரும் மாதச் சம்பளம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் வந்து உட்கார வேண்டும். ஜெமினியில் பல வருடம் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்த உலகத்தை எழுதியிருப்பதைப் படித்தால் ஏதோ அரசாங்க ஆபீஸ் மாதிரியே இருக்கும். ஒன்றாம் தேதி சம்பளம் வரும், நிம்மதி. ஸ்டுடியோ எடுக்கும் படங்கள் குறைந்தால் கூடவே நாமும் குறைவோம், அதுதான் விலை. ஐம்பதுகளில் ராதா மெல்ல மெல்லப் பின்னால் போனார். கடன் இல்லை, வழக்கு இல்லை, பெரிய சோகக் கதையும் இல்லை. அதனாலேயே அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லையோ என்னவோ.

டங்கன் கதை தனி ரகம். கலிபோர்னியாவில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்து 1935-ல் இந்தியா வந்தார். வந்தது சில மாதங்களுக்கு. இருந்தது பதினைந்து வருடம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தெரியாமலேயே 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) என்று எடுத்தார். நம்ம ஊர் ஆட்கள் நாடக மேடையில் நிற்பதுபோல கேமரா முன் நின்றுகொண்டிருந்த காலத்தில், கேமராவை நகர்த்தியவர், அருகில் கொண்டுபோனவர் என்று இவருக்குப் பேர். 1950-ல் 'மந்திரி குமாரி'யோடு கிளம்பிவிட்டார், கடைசிப் பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் முடித்தார். அந்தப் படத்தின் கதாநாயகன் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர். முதல் படத்தில் இன்ஸ்பெக்டராக வந்துபோன பையனைக் கடைசிப் படத்தில் நாயகனாக வைத்துவிட்டு மனிதர் விமானம் ஏறினார்! ஊருக்குத் திரும்பி மேற்கு வர்ஜினியாவில் டாக்குமெண்டரிகள், கம்பெனிகளுக்கான படங்கள் எடுத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து 2001-ல் காலமானார். அவர் இங்கே ஸ்டுடியோ கட்டவில்லை, சொந்தப் பணத்தில் பெரிய படம் எடுத்துச் சிக்கிக்கொள்ளவும் இல்லை. கையில் இருந்தது தொழில் மட்டும், அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடிந்தது.

பாலையாவும் தங்கவேலுவும் சேர்ந்து ஒரே வகை. இவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலையா 'சதி லீலாவதி'யில் வில்லன். அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஆடாத ஆட்டம் இல்லை. 'வேலைக்காரி'யில் (1949) ஒரு ஆள், 'தூக்குத் தூக்கி'யில் (1954) சேட்டு, 'பாகப் பிரிவினை'யில் (1959) அண்ணன், 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் கதை சொல்லச் சொல்ல நடுங்கும் அப்பா, 'திருவிளையாட'லில் (1965) ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) தவில்காரர். நாயகன் மாறிக்கொண்டே இருப்பான், பாலையா இருந்துகொண்டே இருப்பார். 1972-ல் இறக்கும்வரை மார்க்கெட் போகவில்லை.

தங்கவேலுவுக்கு முதல் படத்துக்கும் 'கல்யாணப் பரிசு'க்கும் (1959) நடுவில் இருபத்துமூன்று வருடம். அதில் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாக வீட்டில் டூப் அடிப்பாரே, அந்த மன்னார் அண்ட் கம்பெனி இன்றைக்கும் எங்கள் வகுப்பில் உயிரோடு இருக்கிறது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத கணக்கை எல்லாம் அந்தக் கம்பெனி பேரில்தான் எழுதுவோம்.

குணச்சித்திர நடிகரின் பொருளாதாரம் எளிமையானது. பத்து முதலாளியிடம் பத்து சிறிய சம்பளம். ஒருத்தர் படம் படுத்தாலும் மற்ற ஒன்பது இருக்கிறது. முட்டையை எல்லாம் ஒரே கூடையில் வைக்காதே என்று நிதி மேலாண்மைப் புத்தகத்தில் நாற்பது பக்கம் எழுதியிருப்பதை இவர்கள் புத்தகம் இல்லாமல் செய்தார்கள்.

இப்போது கலைவாணர். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் வறுமையில் வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் நடித்துத் தேறி, சினிமாவுக்கு வந்தவர். தமிழ் சினிமாவில் நகைச்சுவையைத் தனித் தொழிலாகவே மாற்றியவர் அவர்தான். தன்னுடைய குழுவை வைத்துக்கொண்டு, டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து, நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே எழுதி, தாங்களே எடுத்துக் கொடுப்பார்கள். தயாரிப்பாளர் அதைப் படத்தில் சேர்த்துக்கொள்வார். இன்றைய பாஷையில் அவுட்சோர்சிங். நாற்பதுகளின் தொடக்கத்தில் கலைவாணர் பகுதி இல்லாமல் படம் விற்காது என்ற நிலை வந்தது.

1944 நவம்பரில் சினிமா கிசுகிசு எழுதிவந்த லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்த வருட தீபாவளிக்கு வெளியாகி, மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். அதாவது படம் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது, நாயகன் சிறையில் இருந்தார். இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள்.

இந்த இரண்டேகால் வருடத்தைக் கணக்காகப் பாருங்கள். நடிகனுக்கு முதலீடு உடம்பும் குரலும் முகமும்தான். அது மூடிக்கிடக்கும்போது வருமானம் பூஜ்யம். லண்டன்வரை வக்கீல் வைத்து வாதாடும் செலவோ சாதாரணமானது இல்லை. வாங்கிய அட்வான்ஸ் வேறு. பெரிய நடிகர் என்றால் நாலைந்து படத்துக்காவது முன்பணம் வாங்கியிருப்பார். நடிக்க முடியாவிட்டால் அது வருமானம் கிடையாது, கடன். அக்கவுண்டன்சி முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள், முன்கூட்டி வாங்கிய பணம் பொறுப்புப் பக்கத்தில்தான் வரும் என்று. ரசிகர்கள் அதைச் சொத்துப் பக்கத்தில் எழுதி, 'தங்கத் தட்டில் சாப்பிட்டவர்' என்று பேசிக்கொண்டார்கள்.

வெளியே வந்த இருவரும் என்ன செய்தார்கள்? இருவருமே சொந்தப் படம் எடுத்தார்கள். பாகவதர் 1948-ல் புனேயில் 'ராஜமுக்தி' எடுத்தார். அது தோற்றது. அதற்கு வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி அதே வருடம் இறந்தார். (அவரும் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தவர்தான், பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று பேர். படம் வரவேயில்லை.) பாகவதர் 1957-ல் மறுபடியும் 'புது வாழ்வு' எடுத்தார், இயக்கியதும் அவரே. அதுவும் ஓடவில்லை. 1959-ல் இறந்தபோது வயது ஐம்பதைத் தாண்டவில்லை.

கலைவாணர் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சிரிப்புக்கு வயதாகாது. 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யை எடுத்தார். பெரிய சொத்து கைக்கு வந்த ஒருவன் அதை ஊருக்குக் கொடுத்துவிடத் துணியும் கதை. நாயகன் அவரே. 1951-ல் 'மணமகள்', இயக்கம் அவர், பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கிய படம். 1952-ல் 'பணம்' படத்தை இயக்கினார், சிவாஜிக்கு அது இரண்டாவது படம். ஒரு பக்கம் சம்பாத்தியம், இன்னொரு பக்கம் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தது. 1957-ல் நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டார். 'கொடுத்தே கெட்டார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். கொடுத்தது உண்மை. ஆனால் உழைக்கும் வயதில் இரண்டேகால் வருடம் பறிபோனதையும், கடைசியில் குற்றமற்றவர் என்று ஆன வழக்குக்குப் பண்ணிய செலவையும் கணக்கில் சேர்க்காமல் அவருடைய தர்மத்தின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது என்ன நியாயம்? அந்த நாட்களை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. 1969 ஜனவரியில் தி.நகரில் அவருடைய சிலையைத் திறந்து வைத்தவர் அண்ணா, அடுத்த மாதம் அண்ணாவும் இறந்தார்.

சரி, சம்பாதிக்கிற நடிகர்கள் ஏன் சொந்தப் படம் எடுக்கப் போகிறார்கள்? பேராசை என்று சொல்வது சுலபம். ஐம்பதுகளில் ஸ்டுடியோ சம்பள முறை தளர்ந்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசும் முறை வந்தது. நடிகருக்குத் தெரியும், படம் விற்பது தன் முகத்துக்காக என்று. விநியோகஸ்தர் ஏரியா ஏரியாவாக மினிமம் கியாரண்டி கொடுப்பது இவர் பெயரைக் கேட்டுத்தான். அப்புறம் லாபம் மட்டும் ஏன் இன்னொருத்தருக்குப் போக வேண்டும்? நியாயமான கேள்வி. சிக்கல் பணம் புரளும் முறையில் இருந்தது. பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம். படப்பிடிப்பு ஒரு மாதம் தள்ளிப் போனால் வட்டி ஒரு மாதம் கூடும். வெளியீட்டுக்கு முன் எல்லாப் பாக்கியும் தீர வேண்டும், தீராவிட்டால் நெகட்டிவ் லேபை விட்டு வராது. இதில் பெரும்பாலான நடிகர் கம்பெனிகள் சட்டப்படி கம்பெனியே கிடையாது. 'பிக்சர்ஸ்' என்று பலகை மாட்டிய தனி ஆள் வியாபாரம். அப்படியென்றால் பொறுப்புக்கு எல்லை இல்லை. படத்தின் கடன் வீட்டு வாசலுக்கு வரும், நகைப் பெட்டிக்கு வரும்.

சாவித்திரி இந்தக் கூட்டத்தில் வராதவர், அடுத்த தலைமுறை. ஆனாலும் இந்த இடத்தில் அவரை நினைக்காமல் போக முடியவில்லை. 1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு', 1969-ல் தமிழில் 'குழந்தை உள்ளம்', 1971-ல் சிவாஜியோடு 'பிராப்தம்'. நடிப்பில் உச்சியைத் தொட்டவர் இயக்குநராகவும் ஆனார், பெண்கள் இயக்குவதே அபூர்வமான காலத்தில். 'பிராப்தம்' விழுந்தது, கூடவே சொத்தும் போனது. 1981-ல் அவர் இறந்தபோதும் சரி, 2018-ல் அவர் கதை 'நடிகையர் திலகம்' என்று படமாக வந்தபோதும் சரி, ஊர் பேசியது குடியையும் கல்யாணத்தையும்தான். அதே துறையில் பெண்கள் சொத்தைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். டி.ஆர்.ராஜகுமாரி தம்பி ராமண்ணாவோடு ஆர்.ஆர்.பிக்சர்ஸ் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அவர்களுடையது. அது சரியாகப் போகவில்லை. அடுத்த வருடமே 'குலேபகாவலி' வந்து தூக்கி நிறுத்தியது. இதற்கிடையில் பாண்டி பஜாரில் ராஜகுமாரி தியேட்டரும் இருந்தது. சொந்தப் படம் விழுந்தாலும் மற்றவர் படத்துக்கு டிக்கெட் கிழிக்கலாம் அல்லவா! நல்ல பெண் கெட்ட பெண் என்று பிரித்து என்ன செய்வது, ஒருவருக்குக் கட்டடம் இருந்தது, ஒருவருக்குக் கடன் இருந்தது.

கடைசியாக எம்.ஜி.ஆர். 'சதி லீலாவதி'க்கும் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி'க்கும் (1947) நடுவே பதினோரு வருடம். நடுவில் 'அசோக்குமார்', 'மீரா' என்று பெரிய படங்களில் சின்ன வேடங்கள். முப்பது வயதில் நாயகன். இப்போது யாராவது இருபத்தைந்து வயதில் 'சான்ஸ் கிடைக்கவில்லை' என்று அலுத்துக்கொண்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் பக்கத்தில் நின்று பார்த்தவை என்னென்ன! பாகவதரின் 'அசோக்குமா'ரில் (1941) அவர் உச்சத்தில் இருந்ததைப் பார்த்தார். 'ராஜமுக்தி'யிலும் எம்.ஜி.ஆருக்கு ஒரு வேடம் இருந்தது, அந்தச் சரிவையும் பார்த்தார். கலைவாணர் அவருக்குக் குரு மாதிரி, அவர் வாழ்க்கையையும் பார்த்தார்.

பார்த்ததிலிருந்து என்ன எடுத்துக்கொண்டார் என்று அவர் எங்கும் வகுப்பு எடுக்கவில்லை. நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். முதலில் தயாரிப்பில் இறங்கியது கூட்டாக. கருணாநிதி, பி.எஸ்.வீரப்பா, இயக்குநர் காசிலிங்கம், எம்.ஜி.ஆர். சேர்ந்த மேகலா பிக்சர்ஸ், ஜூபிடரோடு இணைந்து 1953-ல் 'நாம்' எடுத்தது. படம் தோற்றது, நஷ்டமும் பங்கு போட்டுக்கொள்ளப்பட்டது. அடுத்து 'மலைக்கள்ளன்' (1954), 'மதுரை வீரன்' (1956) என்று வேறு முதலாளிகளின் படங்களில் பெரிய வெற்றிகள். விநியோகஸ்தர் வட்டாரத்தில் தன் விலை என்ன என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான், 1958-ல், இருப்பதை எல்லாம் வைத்து 'நாடோடி மன்னன்'. தயாரிப்பும் இயக்கமும் இரட்டை வேடமும் அவர். பின்பாதி கலரில். ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவரே சொன்னதாக எல்லாருக்கும் தெரியும். ஓடியது.

இதைத்தான் வீரம் என்று கொண்டாடுகிறோம். எனக்கு அதைவிட ஆச்சரியம், அடுத்து நடந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு சொந்தப் படம் எடுத்திருப்பார்கள். எம்.ஜி.ஆர். பிக்சர்ஸின் அடுத்த படம் 'அடிமைப் பெண்', 1969-ல். பதினோரு வருடம் கழித்து! அதற்கடுத்தது 'உலகம் சுற்றும் வாலிபன்', 1973-ல். மொத்தமே மூன்று. மற்ற படங்களில் எல்லாம் தேவர், பி.ஆர்.பந்துலு, சரவணா பிலிம்ஸ் என்று அவரவர் பணம், இவருக்குச் சம்பளம். தன்னோடு வேலை பார்த்த ஆர்.எம்.வீரப்பனே சத்யா மூவிஸ் என்று தனியாகத் தொடங்கி எடுத்தார். 1959-ல் சீர்காழி நாடக மேடையில் கால் முறிந்தது, 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் குரல் போனது. இரண்டு முறையும் தொழில் மாதக்கணக்கில் நின்றது. அந்த நேரத்தில் தலைக்கு மேல் சொந்தப் படக் கடன் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

எம்.ஜி.ஆர். நல்லவரா கெட்டவரா, நடிக்கத் தெரிந்தவரா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அது முடியாத சண்டை. நடிப்பில் பாலையாவுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன். :-) 1971-ல் 'நீரும் நெருப்பும்' வந்தது. அது எம்.கே.ராதா நடித்த 'அபூர்வ சகோதரர்க'ளின் மறு ஆக்கம். 1936-ல் ராதா நாயகனாக நடித்த படத்தில் இன்ஸ்பெக்டராக வந்துபோனவர், முப்பத்தைந்து வருடம் கழித்து ராதாவின் இரட்டை வேடத்தைத் தான் போட்டார். அடுத்த வருடம், 1972 அக்டோபரில், தி.மு.க. பொருளாளராக இருந்துகொண்டே கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று மேடையில் பேசினார். கட்சியிலிருந்து நீக்கினார்கள். கணக்குக் கேட்டதால் தனிக்கட்சி பிறந்த வரலாறு வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று எங்கள் துறையில் யாரையாவது கேட்க வேண்டும். 1977-ல் முதல்வர்.

வாசன் 1969-லேயே போய்விட்டார். எழுபதுகளில் ஜெமினி ஸ்டுடியோவும் அடங்கியது. மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் பஸ்ஸில் எல்லாரும் ஜெமினிக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள். 'சந்திரலேகா'வின் முரசு நடனம் எடுத்த அந்த வளாகத்தில் ஒரு நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. அடையாறு பக்கம், எம்.ஜி.ஆர். தன் அம்மா பெயரில் நடத்திய சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1996 முதல் பெண்கள் கல்லூரி நடக்கிறது, எம்.ஜி.ஆர்.–ஜானகி பெயரில். அங்கே பி.காம். உண்டு.